தலைமுடிக்குப் பின்னால் முத்துக்குமரன்

முத்துக்குமரன் இறந்த ஒன்பதாம் நாள்தான் பூங்கொடிக்கு அது உறைத்தது. பத்தொன்பது வருஷம் மேடையேறிய தன் கணவனுக்கு, கல்யாணப் படத்தை விட்டால், முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடையாது. பதினாறாம் நாள் கருமாதியன்று படத்திறப்பு. திறந்த படம் அப்புறம் கூடத்துச் சுவரிலேயே இருக்கும். அவள் தினமும் பார்த்தாக வேண்டும். அதில் இருப்பது அவனாக இருந்தால் போதும், வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பிளான்டில் முத்துக்குமரன் எலக்ட்ரீஷியன். மிச்ச நேரத்தில் ‘பேய்க்காற்று’ என்ற மெட்டல் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தான். நான்கு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் உறுமிக்கொண்டே இருக்கும். பாடுகிறவனின் அலறலும் டிரம்ஸின் இடியும் ஊருக்கே கேட்கும். பேஸ் என்ன செய்தது என்பது வாசித்தவனுக்கும் பக்கத்துச் சுவருக்கும்தான் தெரியும். பூங்கொடிக்கு அது பாத்திரங்கள் வழியாகத் தெரிந்தது. அவன் வீட்டில் பழகும்போது ஒரு பாட்டுக்குத் தூக்குவாளி மூடி அதிரும், இன்னொன்றுக்கு இட்லிக் கொப்பரை. பாட்டின் பெயரெல்லாம் அவளுக்கு மனதில் நிற்காது.

"இட்லிக் கொப்பரைய வாசிங்களேன், கேட்டு நாளாச்சு" என்பாள். அவனும் வாசிப்பான்.

டிரம்மர் மணிபாரதிக்குத் திருநள்ளாற்றில் லாட்ஜ் வேலை. சனிக்கிழமை கூட்டம் நெரியும் என்பதால் அன்று மட்டும் அவர் எங்கும் வரமாட்டார். சனிக்கிழமை வாசிக்காத மெட்டல் குழு என்று பெங்களூரில் இவர்களைப் பற்றி ஒரு மர்மமே உலவியது. வெளியூர் நிகழ்ச்சிக்கெல்லாம் முத்துக்குமரன் சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லி லீவு வாங்கினான். ஐந்தாறு வருஷம் ஓடியது. ஓர் ஆடி மாதத்திலும் கல்யாணம் என்று எழுதிக்கொடுத்தபோதுதான் மானேஜருக்குச் சந்தேகம் வந்தது.

நாற்பத்து நான்கு வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பு.

மணிபாரதி போனில் ஆயிரத்து நானூறு படங்களோடு வந்தார். வாசிக்கும்போது தலையைச் சுழற்றுவது இவர்கள் வழக்கம். முத்துக்குமரனுக்கோ இடுப்புவரை முடி. பார்த்தவரை எல்லாவற்றிலும் முடிதான் இருந்தது.

"இதுல அண்ணன் சிரிக்கிறாரு அண்ணி."

"எத வச்சுச் சொல்றீங்க?"

"முடி ஒரு மாதிரி துள்ளுது பாருங்க."

முத்துக்குமரனின் அண்ணன் தர்மராஜ் கல்யாணப் படத்தை எடுத்துவந்து வைத்தார். மூத்தவர், படகுக்காரர், கருமாதிச் செலவும் பொறுப்பும் அவருடையது. அவர் சொல்லைத் தாண்டி அந்த வீட்டில் படம் மாட்ட முடியாது. கல்யாணத்துக்காக அவரே தம்பியை உட்காரவைத்து முடி வெட்டச் சொல்லியிருந்தார். பவுடர் அப்பிய, மிரண்ட ஒரு மாப்பிள்ளை அதிலிருந்து பார்த்தான்.

"இது ஒரு நாள் மூஞ்சி மாமா. மறுநாளே முடி வளர்க்க ஆரம்பிச்சுட்டாரு."

"மனுசனா இருந்த நாளு அதும்மா."

கடைசியில் மூவரும் ஃபிளெக்ஸ் கடை குணசேகரனிடம் போனார்கள். கம்ப்யூட்டரில் முடியை விலக்கித் தருவதாக அவர் சொன்னார். அரைமணி நேரத்தில் திரையில் எடுப்பான மூக்கும் வரிசைப் பல்லுமாக ஒருவர் வந்து நின்றார்.

"முடிய எடுத்துட்டேங்க. கீழ என்ன இருக்கும்னு அதுவே யோசிச்சுப் போட்டுக்கிச்சு."

"நல்லாருக்கான்" என்றார் தர்மராஜ்.

"நல்லாத்தான் இருக்காரு. யாரு இவரு?" என்றாள் பூங்கொடி.

அவள் மணிபாரதியின் போனை வாங்கி மறுபடி முதலிலிருந்து தள்ளினாள். மேடையிலேயே இல்லாத ஒரு படத்தில் விரல் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் தங்கள் குப்பத்துப் பொங்கல் விழா. சொந்த ஊரில் குழு வாசித்தது அந்த ஒரு முறைதான். நடுவில் கரண்டு போக, முத்துக்குமரன் கிட்டாரை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, முடியைக் கொண்டை போட்டு, ஏணியில் ஏறிவிட்டான். வாயில் டெஸ்டர், கையில் ஃபியூஸ் கட்டை. யாரோ டார்ச் அடிக்க, முகம் முழுசாகத் தெரிந்தது. மிக்சி ரிப்பேர் பார்க்கும்போது வீட்டில் இருக்கிற அதே எரிச்சல் முகம்.

"இதுதான்" என்றாள்.

"வாயில டெஸ்டரோட இருக்கறவனுக்கு மாலை போடறதா? ஊரு சிரிக்கும்" என்றார் தர்மராஜ். "அந்தக் கூத்து நடந்தப்ப நான் கடல்ல இருந்தேன். இருந்திருந்தா ஏறவே விட்டிருக்கமாட்டேன்."

பூங்கொடி படத்தைப் பெரிதாக்கினாள். ஏணியின் கால்களை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஆள் படத்துக்கு வெளியே. இடது சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. படகில் வலை இழுக்கும் வின்சில் சிக்கி அப்படி ஆன விரல் அந்தக் குப்பத்தில் ஒன்றே ஒன்று.

"மாமா, இது யாரு கை?"

தர்மராஜ் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஏணி ஆடுச்சு. புடிச்சேன்."

"கடல்லேருந்தே தெரிஞ்சுதா?"

குணசேகரன் மவுஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கடைசிப் பாட்டுக்குத்தாம்மா வந்தேன்."

"கரண்டு போனது மூணாவது பாட்டுலண்ணே" என்றார் மணிபாரதி, ரொம்ப மரியாதையாக.

தர்மராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவன் என்ன வாசிச்சான்னு எனக்கு ஒரு எழவும் வெளங்கல. ஃபியூஸப் போட்டுட்டு எறங்குனான். திரும்ப ஆரம்பிச்சாங்க. இங்க, நெஞ்சுக்குள்ள ஒண்ணு குமுறுச்சு. வயசாச்சு, பிரஷரோன்னு நெனச்சேன்."

"அது பிரஷர் இல்லண்ணே. நம்ம அண்ணனோட பேஸுதான்" என்றார் மணிபாரதி.

தர்மராஜ் போனை வாங்கிக் குணசேகரனிடம் நீட்டினார். பிறகு, படத்தை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று கேட்டார். இரண்டடிக்கு மூன்றடி என்றார் குணசேகரன். முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் எடுப்பாக இருக்கும், கீழே இருக்கிற கையை வெட்டிவிடலாம் என்றார்.

"கை இருக்கட்டும்" என்றார் தர்மராஜ். "அத வெட்டிட்டா ஏணிய யாரு புடிக்கிறது?"