இரண்டு கிலோ மணல்

தராசில் என் மூட்டை இருபத்திரண்டு கிலோ காட்டியது. செல்வத்தின் மூட்டை பதினெட்டு. ஆளுக்கு இருபது கிலோ இருக்க வேண்டும் என்பது விதி.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, இப்போது வாஷியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், "மெடல் வாங்கியிருக்கீங்களா மைதீன் பாய்?" என்று கேட்பதுண்டு. வாங்கவில்லை. அந்தக் கதைதான் இது.

எங்கள் டிவிஷனில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து செய்யும் போட்டி ஒன்று உண்டு. மூன்று நாள் நடக்கும். சுடுவது, மேப் பார்த்து வழி கண்டுபிடிப்பது, கயிற்றில் ஆறு தாண்டுவது எல்லாம் முடிந்து, கடைசியாக மூட்டையோடு முப்பது கிலோமீட்டர் ஓட்டமும் நடையும். இருவரும் சேர்ந்தேதான் கோட்டைத் தாண்ட வேண்டும். ஜோடியில் கூட வருகிற கூட்டாளியை, 'buddy' என்ற இங்கிலீஷ் சொல்லை வைத்து, 'பட்டி' என்போம். என் பட்டி செல்வம், மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதிக்காரன். நான் தாராவி. இரண்டு பேர் வீட்டிலும் திருநெல்வேலிப் பேச்சு. ரெஜிமெண்ட்டில் எங்களைச் சேர்த்துவைத்ததே அந்தப் பேச்சுதான்.

முந்தைய வருடம் பயிற்சியில் செல்வத்தின் கணுக்கால் உடைந்திருந்தது. எலும்பு கூடிய பிறகும் யூனிட்டில் அவனை யாரும் முழு ஆளாக எண்ணவில்லை. அடுத்த வருடம் போட்டிக்கு வயது தாண்டிவிடும். பெயர் கொடுக்கப் போகும்போது என்னிடம் சொன்னான்: "செயிச்சாலும் தோத்தாலும் செரிலே. இந்தக் கால் இன்னும் வேலைக்கு ஆவுமான்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்."

முதல் இரண்டு நாளும் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். மூன்றாம் நாள் இருபதாவது கிலோமீட்டரில் அவன் நொண்ட ஆரம்பித்தான். கேட்டால், "ஷூ கடிக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றான். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு அவன் பாட்டில் நிரப்பப் போனான். அந்த இடைவெளியில் அவன் மூட்டையைத் திறந்து, எடைக்காகப் போட்டிருந்த இரண்டு கிலோ மணல் பை ஒன்றை எடுத்து என் மூட்டையில் திணித்தேன்.

இது எங்கள் சந்து கொடுத்த பழக்கம். என் வாப்பா தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். மாடிக்குச் செங்குத்தான இரும்பு ஏணி. யாராவது தோல் கட்டோடு ஏறினால், பக்கத்தில் இருப்பவன் எதுவும் கேட்காமல் கட்டின் ஒரு முனையைத் தாங்கிப் பிடிப்பான். கேட்டுக்கொண்டு நின்றால் ஆள் விழுந்துவிடுவான். நானும் அப்படித்தான் கை கொடுத்தேன்.

வழியில் ஒருவன் சுமையை இன்னொருவன் தூக்கலாம், தப்பில்லை. முடிவில் அவரவர் எடை அவரவரிடம் இருக்க வேண்டும். கடைசித் தண்ணீர் இடத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அதற்குள் செல்வம் நொண்டுவதை நிறுத்திவிட்டான். என்னை முந்திக்கொண்டு ஓடினான். "பாத்தியாலே! கால் செட் ஆயிட்டு! டாக்டர் சும்மா பயங்காட்டியிருக்கான்!" என்று கத்தினான். ஒரு வருடமாக அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து மணல் பை விஷயத்தை எப்படிச் சொல்வது? போன வருடம் ஒன்றிரண்டு ஜோடிகளின் மூட்டைகளைத்தான் எடை போட்டார்கள். லோக்கல் டிரெயினில் டிக்கெட் செக் பண்ண டிசி தினமுமா வருகிறார்? வாயை மூடிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் விஷயத்தில் டிசி வந்துவிட்டார். முதலாவதாகக் கோட்டைத் தாண்டியதால் முதலில் எங்கள் மூட்டைகளைத்தான் எடை போட்டார்கள்.

"யே கியா ஹை?" இது என்ன என்று தராசைக் காட்டிக் கேட்டார் எடை பார்த்த மேஜர். சுற்றி எங்கள் யூனிட் முழுக்க நின்றது. எல்லோருடைய கண்ணும் செல்வத்தின் மேல். ஏமாற்றுக்காரன் என்று அவனைப் பார்த்தார்கள். அவன் எதுவும் புரியாமல் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் எடுத்தேன் ஸார். அவனுக்குத் தெரியாது" என்று சொன்னேன். யூனிட் என்னை நம்பியது. விதி விதிதான். எங்களை நீக்கிவிட்டார்கள்.

செல்வம் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஷூவைக் கழற்றிக் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னான்.

"நோவுது, தூக்கிக்கோன்னு நானே கேட்டிருப்பம்லா. இல்ல, விழுந்தே தொலைச்சிருப்பேன். இப்பம் என் கால் நல்லாருக்கா இல்லையான்னு நான் யார்ட்டலே கேக்க?"

எனக்கும் தெரியாது. இரண்டு கிலோ குறைந்ததால் ஓடினானா, வலி தானாகவே விட்டதா, இன்று வரை தெரியாது. மெடல் போனதில் எனக்கு வருத்தமில்லை. அவன் தெரிந்துகொள்ள வந்த ஒரே விஷயத்தை நான் கெடுத்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. உதவி செய்யப் போகிறவன் முதலில் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அன்றுதான். ஏணியில் வேண்டுமானால் கேட்காமல் பிடிக்கலாம்.

செல்வமும் இப்போது ரிட்டயர்டு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாஷி மார்க்கெட்டுக்குப் போய் வருவோம். குளிர்காலத்தில் அவன் கணுக்கால் கொஞ்சம் தகராறு செய்யும். ஸ்டேஷன் படிக்கட்டு வந்ததும், "ஒரு பை குடுக்கியாலே?" என்று கேட்பேன். "வேணாம்" என்பான். பேசாமல் நடப்பேன். இத்தனை வருடமாக அப்படித்தான்.

போன வாரம் பாதிப் படியில் அவனாகவே நின்றான். நான் கேட்கவில்லை. வெங்காயப் பையை என்னிடம் நீட்டினான்.

"இந்தா பிடி. ரெண்டு கிலோ. இப்பம் தூக்குலே."