பெட்டி அடங்கும் வரை

கஜலட்சுமி வீட்டுக்குப் புறப்படும்போது நேரே கைப்பையை எடுக்க மாட்டாள். முதலில் மேசைக்கடியில் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பாள். உள்ளே விசிறி நின்று, அதிர்வு அடங்கிய பிறகே கையை எடுப்பாள். வருசக்கணக்காக இதைப் பார்த்தும் ஸ்டூடியோ முதலாளி யோகராஜுக்கு எரிச்சல் தீரவில்லை.

“ஒங்க லயத்துத் தொட்டில்ல கெடக்கிற புள்ளையா அது, தட்டித் தூங்க வைக்க?” என்பார், வாடிக்கையாளர் முன்னாலேயே.

அப்போதும் அவள் கையை எடுப்பதில்லை.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கண்டி டவுனில் அந்த ஸ்டூடியோவைக் கூட்டித் துடைக்க வந்தவள் அவள். பின்னால் நின்று பார்த்தே கல்யாண ஆல்பம் அடுக்கக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கதிரை கிடைத்தது. அந்தக் கதிரை மேல் யோகராஜின் மைத்துனி பிரேமிளாவுக்குக் கண். அது போனால் கஜலட்சுமிக்கு மறுபடி கூட்டுகிற தும்புத்தடிதான்.

கம்ப்யூட்டர் பழசு. பெரிய ஆல்பத்தைத் திறப்பதற்குள் காலை வேலை பாழாகிவிடும். சேமிக்கப் போனால் உறைந்து நிற்கும். தெல்தோட்டைக் கல்யாண ஆல்பம் அவசரமாக வந்தபோது யோகராஜ் புதுச் சட்டம் போட்டார்: நடுவில் சேமித்து நேரத்தை வீணாக்காதே; சாயங்காலம் ஷட்டவுன் பண்ணாதே; ஸ்லீப்பில் போட்டால் காலையில் விட்ட இடத்திலேயே தொடங்கலாம்.

சட்டம் போட்டவரே அன்று கடை சாத்தும்போது பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டி, வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்தார். தகப்பன் காலத்தில் மின்னொழுக்கில் கடை எரிந்ததிலிருந்து, கற்பூரம் காட்டியபின் உள்ளே ஒரு பொட்டு வெளிச்சமும் இருக்கக்கூடாது.

காலையில் முந்தைய நாள் வேலை முழுவதும் காணாமல் போயிருந்தது. ஏச்சு கஜலட்சுமிக்கு.

ரிப்பேர்க்காரர் ஸமீம் கடுகண்ணாவையிலிருந்து வந்து பார்த்தார். ஸ்லீப்பில் போட்டால், ப்ரோசெசர் அணையுமுன் தான் செய்துகொண்டிருந்த கணக்கையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் மெமரியில் போட்டு வைக்குமாம். எழும்பியதும் அதைத் திருப்பி எடுத்து, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோலத் தொடருமாம். ஆனால் மெமரிக்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். மெயினே போனால் எல்லாம் போச்சு. ஹைபர்னேட் என்றால், இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அணையும்; பிறகு கரண்ட் தேவையில்லை. அப்படியே மாற்றிவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலும் ஆல்பம் போயிருந்தது. பிரேமிளா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“இன்னொரு தடவ போச்சுன்னா பிரேமிளா ஒக்காருவா,” என்றார் யோகராஜ். “நீ கூட்டு.”

அன்று சாயங்காலம் கஜலட்சுமி கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். ஹைபர்னேட்டை அழுத்தியதும் திரை கறுத்தது. திரை கறுத்ததைக் கண்டதும் யோகராஜ் கற்பூரம் காட்டினார். ஆனால் பெட்டியின் முகப்பில் சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டே இருந்தது. பெட்டியில் கை வைத்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எழுதி முடியவில்லை.

அவர் மெயினை நோக்கி நடந்தார். அவள் முந்திக்கொண்டு போய் அதை மறைத்து நின்றாள்.

“தள்ளு.”

“இன்னும் எழுதுது, மொதலாளி.”

“சாமிக்குக் காட்டுனதுக்கப்புறம் வெளிச்சம் இருக்கக்கூடாதுன்னு தெரியாதா?”

“அணைங்க. தெல்தோட்டக்காரங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.”

“தோட்டத்துக்கு வாய் வந்துருச்சு,” என்றாள் பிரேமிளா.

யாரும் அசையவில்லை. கற்பூரம் தட்டில் கரைந்து அணைந்தது. சிவப்புப் புள்ளி அதற்குப் பிறகும் துடித்தது. பிறகு அதுவும் அணைந்து, விசிறி நின்றது. கஜலட்சுமி விலகினாள். யோகராஜ் அவளை இடித்துக்கொண்டு போய்ச் சுவிட்சை இறக்கினார்.

காலையில் பொத்தானை அழுத்தியதும் முந்தைய நாள் பக்கம் அப்படியே வந்தது: பாதி வெட்டிய மணப்பெண் படம், அதன் ஓரத்தில் அவள் விட்டுப்போன அம்புக்குறி. யோகராஜ் நின்று பார்த்தார்.

“முகத்தக் கொஞ்சம் வெள்ளையாக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பழைய பெட்டி இன்னும் ஓடுகிறது. பிரேமிளா முன்மேசையில் இருக்கிறாள். கஜலட்சுமிக்கு மட்டும் தேநீர் ஊற்றமாட்டாள். யோகராஜ் முணுமுணுத்தபடி தட்டோடு நிற்பார். கஜலட்சுமி பெட்டியிலிருந்து கையை எடுத்த பிறகுதான் கற்பூரம் கொளுத்துவார். கதிரை கஜலட்சுமியிடம்தான் இருக்கிறது.