ஒரகடத்துப் பண்ணையில் படம் போட வந்தவள்

படம் வரைவதும் ஒரு வேலைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், பக்கத்தில் வேறு யாரும் வேலை செய்யாத வரைக்கும். தூரிகை பிடிக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இது விளங்கியது 1991இல், ஒரகடத்தை ஒட்டிய ஒரு பண்ணையில்.

பண்ணைக்காரர் தாம்பரத்தில் குடியிருந்தார், ஓவியப் பிரியர். என்னையும் சிற்பி ஜோசப்பையும் கூப்பிட்டு, "மூணு மாசம் பண்ணையிலேயே தங்கி உங்க வேலையைப் பாருங்க. சாப்பாடு என் பொறுப்பு. கடைசியில் சென்னையில் கண்காட்சி வெச்சிடலாம்" என்றார். அது சரியாக அமையாவிட்டால் நான் டிராயிங் டீச்சராகப் போய்விட வேண்டும் என்று வீட்டில் ஒப்பந்தம். அமையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பண்ணையைக் கவனித்துக்கொண்டவர்கள் வரதனும் அவர் மனைவி பச்சையம்மாளும்.

அளக்க வந்தவள்

முதல் நாள் காலை வரப்பில் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டித் தூரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று அந்தப் பக்கம் அப்போதே பேச்சு அடிபட்டது. பக்கத்துக் கழனிக்காரர் ஏழுமலை மண்வெட்டியோடு வந்துவிட்டார். "யாரைக் கேட்டு எங்க கழனியை அளக்கிற?"

நான் நகரவில்லை. "அளக்கலீங்க, படம் போடறேன்" என்று பலகையைத் திருப்பிக் காட்டினேன். தன் கிணறும் தன் ஒற்றைப் பனையும் அதில் இருப்பதைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "போடறதுதான் போடற, அந்த வரப்பை ஒரு மொழம் அந்தாண்ட தள்ளிப் போடும்மா, வரதன் எங்க பக்கம் வந்துட்டு கீறான்."

அரக்குப் பட்டு

பச்சையம்மாள் களை எடுப்பதை வரைய ஆசைப்பட்டேன். சரி என்றார். மறுநாள் போனால், பம்புசெட் கொட்டகைப் படியில் அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, போட்டோவுக்கு உட்காருவது போல விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். "யக்கா, சேத்துல நிப்பீங்கன்னு பாத்தேனே" என்றேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு பட்டைத்தான் வரைந்தேன்: "தெனம் சேத்துலதான் நிக்கிறேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பாக்கணும்னு நீ ஒருத்தி வந்து கீற, இன்னிக்கும் சேறா?"

முட்டி கழன்ற மனிதன்

ஜோசப் துருப்பிடித்த பம்புசெட் சாமான்களை முறுக்கிப் பூட்டி ஆளுயர மனிதன் ஒன்றைச் செய்திருந்தார். ஒரு மத்தியானம், தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது மோட்டாரில் ஒரு போல்ட் உடைந்தது. புதிது வாங்கப் படப்பைக்குப் போக வேண்டும். வரதன் ஸ்பானரோடு நேரே சிலையிடம் போய் அதன் முட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். ஜோசப் கத்திக்கொண்டே ஓடினார். வரதன் நிமிரவே இல்லை: "தண்ணி பாஞ்சதும் மாட்டிடறேன் சார், அதுவரிக்கும் நொண்டிக்கினு நிக்கட்டும்."

வானம் கரைந்த கதை

கண்காட்சிக்கு என்று நான் பெரிதாகச் செய்தது ஒரே படம். சட்டத்தில் ஆணியடித்து இழுத்த பத்தடி நீளக் கேன்வாஸ், சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு, குனிந்து அறுக்கும் பெண்கள், மேலே பெரிய வானம். அதை முடித்த வாரமே நிஜ அறுப்பும் முடிந்து, நெல் களத்தில் குவிந்து கிடந்தது. சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இருந்த ஒரு தார்ப்பாய் பாதிக் குவியலுக்குக்கூடப் போதவில்லை. வரதனும் பச்சையம்மாளும் சாக்குகளோடு ஓடினார்கள். அவர்கள் வீட்டு வருஷச் சாப்பாடும் அந்தக் குவியலில்தான்.

எண்ணெய் வர்ணம் தண்ணீரை உள்ளே விடாது என்று எனக்குத் தெரியும். காயாத இடங்களை மழை விட்டுவைக்காது என்றும் தெரியும். ஜோசப் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆணியைப் பிடுங்குங்க" என்றேன். நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்து, வர்ணம் மேலே இருக்க நெல்லின் மேல் விரித்துக் கல் வைத்தோம். மழை கொட்டித் தீர்த்தது.

விட்டதும் வரதன் முதலில் நெல்லுக்குள் கையை விட்டுப் பிசைந்து பார்த்தார். அப்புறம்தான் படத்தைப் பார்த்தார். வானம் வழிந்து, அதில் காற்று வாரிப்போட்ட வைக்கோலும் நெல்லும் அப்பிக் கிடந்தன. தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "நெல்லு நனையல, தாயே. நீ போட்ட வானந்தான் கரைஞ்சு போச்சு. வேற வானம் போட்டுக்கலாமில்ல?"

சென்னையில்

வேறு வானம் போடவில்லை. அப்படியே மாட்டினேன். கண்காட்சியில் கூட்டம் அந்தப் படத்தின் முன்தான் நின்றது. விமர்சகர் ஒருவர், "நெல்லை எப்படி இவ்வளவு இயல்பா ஒட்டினீங்க?" என்று கேட்டார். "நான் ஒட்டலை, மழை ஒட்டிச்சு" என்றேன்; அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கண்காட்சிக்கு அங்கேயே அழைத்தார். டீச்சர் வேலைப் பேச்சு அன்றோடு வீட்டில் நின்றது. பஸ் பிடித்து வந்திருந்த பச்சையம்மாள் கூட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: "பட்டணத்துல யாரும் நெல்லையே பாத்ததில்லியா, இன்னாத்துக்கு இப்டி சுத்தி நிக்கிறாங்க?"

கலையால் என்ன பிரயோசனம் என்று யாராவது உங்களை மடக்கினால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். பெரிதாக வரையுங்கள், எண்ணெய் வர்ணத்தில் வரையுங்கள்.