கன்ஃபிக் ஃபைலில் இருந்த நசீரின் வீடு

வெப் சர்வருக்கு மாட்யூல் எழுதும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஏன் மேடம், எங்க மெஷின்ல பில்ட் ஆகுதே, அது போதாதா?" என்பதுதான். போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் மலேசியாவில், கெலாங் பாத்தாவில். ஜோகூரில் பல கிளைகள் உள்ள ஒரு டயாலிசிஸ் சென்டர் எங்கள் கஸ்டமர். அங்கே நர்ஸ்கள் கார்டைத் தட்டினால்தான் நோயாளியின் விவரம் திறக்கும். அந்தக் கார்டைச் சரிபார்க்கும் மாட்யூலை எழுதியவர் நசீர். என் பக்கத்து மேசைக்காரர், அமைதியான ஆள். ஒரு சனிக்கிழமை மனைவியோடு தங்காக்கில் மாமனார் வீட்டுக்குப் போனார். சாமான் வாங்க மோட்டார் சைக்கிளில் வெளியே போனவரை லாரி அடித்துவிட்டது.

அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டயாலிசிஸ் சென்டரின் சர்வரில் டிஸ்க் போய்விட்டது. புது மெஷின் வைத்தோம். அதில் வெப் சர்வரும் புது வெர்ஷன். நசீர் கம்பைல் செய்து வைத்திருந்த பழைய மாட்யூலை அது ஏற்றவே மறுத்தது. மாட்யூலைச் சர்வரின் அதே வெர்ஷனுக்கு, அதே ஆப்ஷன்களோடு சோர்ஸ் கோடிலிருந்து திரும்ப உருவாக்க, அதாவது பில்ட் செய்ய வேண்டும். சோர்ஸ் எங்களிடம் இருந்தது. ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன்.

பில்ட் நின்றுவிட்டது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் கன்ஃபிக் என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. எந்த சோர்ஸைச் சேர்க்க வேண்டும், துணைக்கு எடுக்கும் எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று பில்டுக்குச் சொல்வது அதுதான். நசீர் அதில் லைப்ரரிக்குத் தன் லேப்டாப்பில் உள்ள ஹோம் ஃபோல்டரைக் கொடுத்திருந்தார். அந்த வரியில் அவர் பெயரே இருந்தது.

பொதுவாகக் கிடைக்கும் லைப்ரரியைப் போட்டுப் பார்த்தேன். பில்ட் ஆனது, சர்வரும் அதை ஏற்றுக்கொண்டது, ஆனால் எல்லாக் கார்டையும் நிராகரித்தது. அந்தக் கார்டுகளுக்கு ஏற்ற மாதிரி நசீர் லைப்ரரியையே மாற்றி வைத்திருக்கிறார். அந்த மாற்றம் அவர் லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. லேப்டாப் தங்காக்கில் அவர் மாமனார் வீட்டிலேயே இருந்தது.

சென்டரிலிருந்து சிஸ்டர் லட்சுமி கூப்பிட்டார். "மேடம், ஆளுங்க நாற்காலியில உக்காந்திருக்காங்க. யாருக்கு ஒடம்புல இருந்து எவ்ளோ தண்ணி எடுக்கணும்னு எல்லாம் உள்ளதான் இருக்கு. போன வாரத்து பிரிண்ட்ட வச்சு எடுத்தா பிரஷர் விழுந்துடும். ஒருத்தருக்கு மூச்சு வாங்குது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருக்கேன்."

எங்கள் முதலாளி மூர்த்தி என்னைப் பார்த்தார். "நீ போ. நசீர் பொண்டாட்டி இத்தாவில இருக்கு, புருஷன் போன துக்கம் காக்குற நாளு, ஆம்பளைங்க போய்ப் பாக்க முடியாது. லேப்டாப் கம்பெனி சொத்து. பெட்டியக் கொண்டா, அவ்ளோதான் லா."

தங்காக்கில் நசீரின் மாமனார் வாசலிலேயே நிறுத்தினார். துணிக்கடை வைத்திருப்பவர். குரலை உயர்த்தவில்லை.

"மய்யத் எடுத்த அன்னிக்கு நீ வந்தே, பாத்தேன். உன்னச் சொல்லல. உங்க முதலாளி வரல. இப்ப பெட்டிக்கு ஆள் அனுப்புறாரு."

நோயாளிகள் காத்திருப்பதை மட்டும் சொன்னேன். உள்ளேயிருந்து சபீரா, நசீரின் மனைவி, "வாப்பா, அக்காவ உள்ள விடுங்க" என்றார்.

அலமாரியிலிருந்து லேப்டாப்பை அவரே எடுத்து வந்தார். திரையில் மகளின் படம். பாஸ்வேர்டை அவர் அடிக்கும்போது நான் திரும்பிக்கொண்டேன்.

"கொண்டு போனா அழிச்சிடுவாங்களா அக்கா?"

"திரும்பி வர்ற மெஷின அழிக்கிறதுதான் ரூல்."

"இதுல அவரு பேசினதெல்லாம் இருக்கு. பிள்ளைக்குக் கதை சொன்னது இருக்கு. எனக்குத்தான் இன்னும் கேக்க முடியல."

லேப்டாப்பை எடுத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்து, லைப்ரரி ஃபோல்டரை மட்டும் ஃபோன் டேட்டாவில் சர்வருக்கு அனுப்பினேன். மாட்யூல் ஃபோல்டருக்குள்ளேயே அதை வைத்து, பாதையை அங்கிருந்தே எடுக்கும்படி கன்ஃபிக்கை மாற்றினேன். அவர் பெயர் இருந்த வரியை அழித்தேன். சபீரா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

பில்ட் முடிந்தது. ஃபோனில் இருந்தபடியே சிஸ்டர் லட்சுமி சென்டரில் கார்டைத் தட்டினார். "திறந்துடுச்சு மேடம்" என்றவர் சட்டென்று ஃபோனை வைத்துவிட்டார். அவருக்குப் பேச நேரமில்லை. ஆம்புலன்ஸில் போனவர் பிழைத்தார், ஆனால் பல வாரம் வார்டில் கிடந்தார்.

வெறுங்கையோடு திரும்பிய எனக்கு மூர்த்தி வார்னிங் லெட்டர் கொடுத்தார். மறுநாள் காலையிலேயே கம்பெனி டிரைவரைத் தங்காக்குக்கு அனுப்பி, வாசலில் நின்றே லேப்டாப்பை வாங்கி வரச் செய்தார். அதிலிருந்த நசீரின் பேச்சுப் பதிவுகளில் சபீராவின் தம்பி அதற்குள் பாதிதான் காப்பி எடுத்திருந்தார். மீதியை முடிக்கும்வரை மெஷினை அப்படியே வைக்கச் சொல்லி ஐடி பையனிடம் கெஞ்சினேன்.

"அலமாக், இப்பதான் அழிச்சேன் கா. மெஷின் வந்த உடனே பண்ணச் சொல்லிட்டாங்க."

சபீராவுக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அழவில்லை. "கதை சொன்னது எந்தப் பாதியில இருந்துச்சு அக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

நசீரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை நெருக்கடியில் நாம் எல்லோருமே அப்படி ஒரு பாதையைப் போட்டுவிட்டு, அப்புறம் சரி செய்யலாம் என்று விடுகிறவர்கள்தான். அதனால் சொல்கிறேன். கன்ஃபிக்கில் உங்கள் ஹோம் ஃபோல்டர் வரக்கூடாது. லைப்ரரியை மாற்றினால் அந்த மாற்றமும் சோர்ஸோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத காலி மெஷினில் ஒருமுறை பில்ட் செய்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வீட்டுக் கதவை ஆபீஸ் வந்து தட்டக்கூடாது.