அண்ணியின் காதும் டாக்டரம்மாவின் காரும்

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பதினொரு பேர் வேலை செய்கிறோம். பத்துப் பேருக்குக் கையில் ஸ்பேனர். ஒருவருக்கு மட்டும் காதுதான் ஸ்பேனர். அந்த ஒருவர் என் அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஒரு போல்ட்டை ஒழுங்காகக் கழற்றத் தெரியாது. ஆனால் ஊரில் லெக்ஸஸ் வைத்திருப்பவர் யாருடைய காரிலாவது எங்கேயோ ஒரு கிரீச் கேட்டால், இருபது வருஷமாக இன்ஜினோடு குடும்பம் நடத்துகிற என்னைத் தேட மாட்டார்கள். "அந்தம்மா இன்னிக்கு இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். முதலில் எனக்கு வயிறு எரிந்தது. இப்போது பெருமையாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்.

அந்தக் காதின் மகிமை எங்கள் வீட்டில் எப்போதோ தெரியும். அண்ணன் கீழே சமையலறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் அண்ணி, "ரெண்டுக்கு மேல எடுக்காதீங்க, சுகர் இருக்கு" என்பார். அம்மாவிடம் ரகசியம் காக்க வேண்டுமென்றால் எழுதித்தான் காட்ட வேண்டும் என்று அவர்கள் மகளே சொல்வாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்ணி ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அறுபது தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடுகிற ஹாலில் நடந்துகொண்டே இருப்பார். திடீரென்று ஒரு மெஷின் முன்னால் நின்று, "நிறுத்துங்க, ஊசி உடையப்போகுது" என்பார். நிறுத்தாமல் நாலு தையல் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஊசி உடையும். பதினான்கு வருஷம் அப்படிக் கொடிகட்டிப் பறந்தார். பிறகு கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கழுத்தில் கயிறு கட்டி மாட்டியிருந்த நூல் வெட்டும் கத்தரி ஒன்றுதான் அங்கிருந்து வீட்டுக்கு வந்தது.

அண்ணி சும்மா வீட்டில் இருந்தது சரியாக ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அண்ணன் பாதியாக இளைத்துவிட்டார். "உங்க அண்ணிக்கு எங்கேயாவது ஒரு வேலை பாருடா. நான் மூச்சு விட்டாக்கூட ஏன் இப்படி விடறீங்கன்னு கேக்கறா" என்று என்னிடம் வந்து நின்றார். நான் மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, கார்களின் உள்ளே வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்கிற வேலையை வாங்கிக் கொடுத்தேன்.

எங்களுடையது கம்பெனி ஷோரூம் இல்லை. வாரண்டி எல்லாம் முடிந்து வயசான லெக்ஸஸ்களைப் பார்க்கிற தனியார் கடை. அந்தக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேனேஜருக்குப் பசி, தாகம் தெரியாது. எண்பத்து மூன்றில் ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் பரமரகசியமாக வேலையைத் தொடங்கியது, நானூற்றைம்பது மாதிரிக் கார்களைச் செய்து ஓட்டிப் பார்த்தது, ஆறு வருஷம் கழித்து லெக்ஸஸ் என்ற புதுப்பெயரில் முதல் காராக எல்எஸ் நானூறு வெளியே வந்தது, விளம்பரத்தில் பானட் மேல் கண்ணாடிக் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கிவிட்டு சக்கரங்களை முழு வேகத்தில் சுழலவிட்டும் ஒரு கோப்பைகூட அசையாதது, எல்லாம் வரிசையாக வரும். வெளிவந்த கொஞ்ச நாளிலேயே சில குறைகளுக்காகக் விற்ற கார்களைத் திரும்ப வரவழைக்க வேண்டி வந்ததையும் மறைக்க மாட்டார். வாடிக்கையாளரின் வீட்டுக்கே ஆள் போய் எடுத்துவந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பி விட்டார்களாம். "வாங்கினவன் சொல்றதை நம்பினாங்க பாருங்க, அங்கதான் ஜெயிச்சாங்க" என்று முடிப்பார். மூன்றாம் தடவை கேட்கும்போது எனக்குக் கொட்டாவி வரும்.

இந்தக் காரின் பெருமையே அதன் தொல்லையும். மற்ற கார்களில் இன்ஜின் போடுகிற இரைச்சலில் மற்றதெல்லாம் மறைந்துபோகும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதே தெரியாமல் மறுபடியும் சாவியைத் திருகிக் கறகற என்று கத்தவிட்ட வக்கீல் எங்களிடம் வருகிறார். "முன்னாடி வெச்சிருந்த கார்ல என் வீட்டம்மா பேசறது பாதிதான் கேட்கும் சார், இதுல முழுசாக் கேட்குது, வித்துடலாமா?" என்று கேட்ட கான்டிராக்டர் ஒருவர். விசில் சத்தம் என்று புகார் கொடுத்த இன்னொருவருக்கு, விசில் அவருடைய மூக்கிலிருந்துதான் வருகிறது என்பதை மேனேஜர் எவ்வளவோ பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த ஆறாம் நாள். கார் கழுவுகிற இடத்துக்கு நான் ஒரு காரை ஓட்டிப் போனேன். வாக்குவத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி பின்சீட்டில் இருந்தார்.

"தம்பி, இந்தக் கதவோரத் தூணுக்குள்ள ஏதோ உருளுது."

"எனக்கு ஒண்ணும் கேட்கலையே அண்ணி."

"உங்களுக்கு எது கேட்டிருக்கு? போன வாரம் குக்கர் விசில் ஏழு போச்சு, நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

தூணை மூடியிருந்த அட்டையைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஸ்க்ரூ. முன்பு யாரோ தவறவிட்டது. அந்தச் சத்தத்துக்காக அந்தக் கார் எங்களிடம் நான்கு தடவை வந்து போயிருந்தது. மேனேஜர் அன்றைக்கே அண்ணியின் கையிலிருந்து வாக்குவத்தை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு முறை உண்டு. சத்தம் என்று ஒரு கார் வந்தால், சில்லறைக் காசு, குடை, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி வரை எல்லாவற்றையும் இறக்கிக் காரைக் காலி செய்வோம். நான் ஏறி ஓட்டுவேன். அண்ணி பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கடைக்குப் பின்னால் கருங்கல் பாவிய ஒரு சந்து இருக்கிறது, அதில் மூன்று வேகத்தில் போய் வருவோம். ஏழு வருஷத்தில் இந்த முறைக்குத் தப்பிய சத்தம் கிடையாது, டாக்டரம்மாவின் கார் வருகிறவரைக்கும்.

டாக்டரம்மா ரிட்டையரான பல் டாக்டர். எழுபத்தொரு வயது, என் தோள் உயரம்கூட இல்லை. கையில் இருப்பது தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து எல்எஸ் நானூறு. ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அவ்வளவும் அவர் ஓட்டியது. ஒரு திங்கட்கிழமை மகனோடு வந்தார்.

"பல்லு வலிக்குதுன்னு வருவாங்க, எந்தப் பல்லுன்னு தெரியாது. பல்லு பாக்கற சின்னக் கண்ணாடியோட காம்பால ஒவ்வொரு பல்லாத் தட்டிப் பார்ப்போம் பாருங்க, அதே சத்தம். டிக். கொஞ்சம் விட்டு, டிக் டிக்" என்றார். இவ்வளவு துல்லியமாக இதுவரை எந்த வாடிக்கையாளரும் எங்களிடம் சத்தத்தைச் சொன்னதில்லை.

மகன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், முகத்தில் தூக்கமில்லை. "ரெண்டு இடத்துல காட்டியாச்சு. சத்தமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா அம்மா அதைத் தேடறேன்னு மெயின் ரோட்டுல காரை நிறுத்திட்டுக் குனியறாங்க. போன மாசம் ஒரு பஸ் மோதாம நூல் இழையில தப்பிச்சாங்க. நீங்களும் பார்த்து, இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க. வெள்ளிக்கிழமை சாவியை நான் வாங்கிக்கறேன். அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா கார் மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒத்துக்கொண்ட முகமாக அது இல்லை.

செவ்வாய், புதன், வியாழன். காரைக் காலி செய்தோம். ஓட்டினோம். டாஷ்போர்டைக் கழற்றி மாட்டினேன். சீட்டுகளுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். சந்தில் முப்பது தடவையாவது போய் வந்திருப்போம். கார் வாயே திறக்கவில்லை. வியாழன் சாயங்காலம் நான், "இல்லாத சத்தத்துக்கு எங்கிருந்து வைத்தியம் பண்றது அண்ணி? மேனேஜர் எழுதிடலாம்னு சொல்றார்" என்றேன்.

"எழுதினா அவங்க சாவி போயிடும்."

"நமக்குக் கேட்கலையே."

"எனக்குக் கேட்கலைன்னா எனக்குக் கேட்கலைன்னு எழுதுங்க. இல்லைன்னு எப்படி எழுதுவீங்க?" என்று சீறினார். ஃபேக்டரியில் ஊசி உடையும் என்று முதல்முதலாகச் சொன்னபோது எல்லாரும் தன்னைக் கிறுக்கி என்று சிரித்ததை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். மேனேஜர் மூடி திறந்த பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி நேராக டாக்டரம்மாவிடம் போய், "அம்மா, இந்தத் தடவை நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார்.

"கஸ்டமர் டெஸ்ட் ஓட்டக் கூடாது, ரூல்" என்றார் மேனேஜர்.

"அவங்க காரை அவங்க ஓட்டறதுக்கு நம்ம ரூல் எதுக்குங்க? கம்பெனிக்காரங்க வாங்கினவன் சொல்றதை நம்பினாங்கன்னு தினமும் சொல்றது யாரு?"

மேனேஜர் பேனாவை மூடினார். நான் முன்னால் ஏறினேன். மகன் அண்ணிக்குப் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்தார். டாக்டரம்மா ஏறினார். கால் பெடலுக்கு எட்டவில்லை.

"போற இடத்துல எல்லாம் இதே ரோதனை. ஏறினதும் சீட்டைப் பின்னாடி தள்ளிடறீங்க" என்று என்னை முறைத்துவிட்டு, தன் உயரத்துக்கான சீட் நிலையைப் பதிந்து வைத்திருந்த ஒன்றாம் நம்பர் பட்டனைக் கதவில் அழுத்தினார். சீட் உர்ரென்று முன்னால் நகர்ந்தது. நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை முட்டுகிற மாதிரி போய்த்தான் நின்றது.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் மெதுவாக வந்தது. "தம்பி, கார்ல ஏறினதும் முதல்ல நீங்க என்ன செய்வீங்க?"

"சீட்டைப் பின்னாடி..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டேன். நான் மட்டுமா? காலை நீட்டிக்கொண்டு உட்காருகிற எந்த மெக்கானிக்கும், எந்தக் காரில் ஏறினாலும் முதலில் அதைத்தான் செய்வான். மற்ற இரண்டு கடைக்காரர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். குடையை இறக்கினோம், ஸ்டெப்னியை இறக்கினோம், கடைசியில் டாக்டரம்மாவின் உயரத்தையும் காரிலிருந்து இறக்கிவிட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

சந்துக்குள் கார் நுழைந்தது. பத்தடி போயிருக்கும்.

டிக். டிக் டிக்.

எனக்கே கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்த டாக்டரம்மாவின் விரல்கள் இறுகின. மகன், "கல்லு ஏதாவது தட்டியிருக்கும்" என்றார். அண்ணி ஏற்கெனவே குனிந்து டாக்டரம்மாவின் சீட்டுக்கு அடியில் கையை விட்டிருந்தார். "சார், கையைக் குடுங்க" என்று அவருடைய விரலைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். "அம்மா, இதே மாதிரி மெதுவாப் போங்க."

கார் கற்களின் மேல் ஊர்ந்தது. மகன் குனிந்தபடியே இருந்தார். ஒவ்வொரு டிக்குக்கும் அவருடைய தோள் லேசாக அசைந்தது. சந்து முடிகிறவரை நிமிரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். எப்போதோ எங்கேயோ ஒரு கடையில் சீட்டுக்கு உறை மாற்றியவர்கள், அடியில் போகிற ஒயரை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டு, மிஞ்சிய வாலை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். சீட் பின்னால் இருந்தால் ஒயர் தொங்கும், வால் கார்ப்பெட்டில் சமர்த்தாகப் படுத்திருக்கும். சீட் கடைசிவரை முன்னால் போனால் ஒயர் இழுபட்டு, வால் எழுந்து சீட் நகர்கிற தண்டவாளத்தைத் தட்டும். என் டார்ச் வெளிச்சத்தில் அந்த வால் மூன்று நாளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அண்ணி இன்னமும் கழுத்தில் மாட்டியிருந்த அந்த நூல் கத்தரியால் வாலை நறுக்கென்று வெட்டினார். திரும்பி வரும்போது சந்து முழுக்க ஒரு சத்தமும் இல்லை. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கடைக்கு வந்ததும் அண்ணி, மேனேஜர் முன்னால் கிடந்த, வேலை விவரம் எழுதுகிற கார்டை இழுத்தார். 'சத்தம் இல்லை' என்று பாதி எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தார். 'சத்தம் இருந்தது. எடுத்தாச்சு' என்று தன் கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பிளாஸ்டிக் துண்டை ஒரு காகிதத்தில் மடித்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நானும் பிடுங்கின பல்லை இப்படித்தான் மடிச்சுக் குடுப்பேன். வலிச்சது நிஜம்தான்னு வீட்டுல காட்டணுமில்ல."

மகன் பக்கத்தில் நின்றார். சாவி வாங்க வந்தவர். பழக்கத்தில் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறக்கப் போனவர், அப்படியே நின்று அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, நான்..."

"கையைக் காட்டு" என்றார் டாக்டரம்மா.

காட்டினார். டாக்டரம்மா அந்த உள்ளங்கையில் காகிதப் பொட்டலத்தை வைத்து, விரல்களை மூடிவிட்டார். மகன் கதவை விட்டுச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினார். சாவி டாக்டரம்மாவின் கையில் இருந்தது.