விரலுக்குள் இல்லாத சில்லு

எங்கள் கண்ணாடிக் கடையில் மூத்த தொழிலாளி ஒருவருக்குக் 'கோடு' என்று பெயர். ஸ்கேல் வைக்காமல் ஒரே இழுப்பில் கோடு போட்டுத் தட்டுவார். கண்ணாடி சொன்ன பேச்சுக் கேட்டு இரண்டாகப் பிரியும். பெரிய கண்ணாடிகளை இந்த முனையில் அவரும் அந்த முனையில் நானுமாகப் பிடித்து எத்தனையோ மாடி ஏறியிருக்கிறோம். இந்தத் தொழிலில் பிடிதான் பிழைப்பு. பிடி போனால் வேலை போகும். எதிர்முனையில் நிற்பவன் உயிரும் போகலாம். அன்று படிக்கட்டுத் திருப்பத்தில் கண்ணாடி அவர் பக்கம் நழுவியது. முழங்காலால் முட்டுக்கொடுத்து எப்படியோ இறக்கினோம்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றேன் எரிச்சலாக.

அவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார். விரல் கணுக்கள் சிவந்து உப்பியிருந்தன. தொட்டால் சுட்டது. ஒவ்வொரு கணுவைச் சுற்றிலும் ஊசியால் கிளறிய புண்கள். சில இன்னும் ஆறவில்லை.

"உள்ள பொடிச் சில்லு போயிருக்கு. இந்த விரல்லேர்ந்து அந்த விரலுக்கு ஓடுது. எடுக்கப் போனா ஆட்டம் காட்டுது."

சிரிக்காதீர்கள். கடையில் எல்லோருமே அதை நம்பினோம். எங்களுக்கு உடம்பில் எங்கே குத்தினாலும் சில்லுதான். முதலாளி காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியைக் காந்தம் இழுக்காது என்பது, கண்ணாடி விற்றே தலை நரைத்த மனிதருக்கு ஞாபகம் வரவில்லை.

மீதியை அவர் மனைவி, எங்கள் அண்ணி, சொன்னார். காலையில் அவருக்கு விரல் மடங்காதாம். சட்டைப் பட்டன் போட்டுவிடுவதே அண்ணிதானாம். வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் இளகுமாம். மருந்துக் கடையில் வலி மாத்திரையாக வாங்கி விழுங்கி வயிறும் புண். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவரை மூட்டு டாக்டரிடம் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே போனேன். அண்ணியும் வந்தார்.

டாக்டர் இளம்பெண். முதலில் புண்களைத்தான் பார்த்தார்.

"இது யார் பண்ணது?"

"நான்தாம்மா. சில்லை எடுக்கலாம்னு."

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எல்லாம் வந்ததும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல கண்ணாடி எதுவும் இல்ல. சில்லுன்னா ரெண்டு கையிலயும் ஒரே கணுவாப் பார்த்துப் போய் உட்காருமா? இது முடக்குவாதம்."

அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கை கால் விழுந்துபோகிற நோய் என்றே நாங்கள் நினைத்தோம்.

"நீங்க நினைக்கிறது பக்கவாதம். இது வேற. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம மூட்டையே அடிக்குது. அதான் வீக்கம், சூடு, வலி எல்லாம்."

"யார் அடிக்கிறதும்மா?"

"உங்க உடம்பேதான்."

 ஒரு மனிதன் ஒரு வருஷத்துக்கு மேலாக ஊசியும் கையுமாக உட்கார்ந்து தன்னைத்தானே தோண்டியிருக்கிறான், அதற்கு நாங்கள் விளக்குப் பிடிக்காத குறை. டாக்டர் படத்தில் எலும்பு ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். எலி கடித்த பிஸ்கட் போல இருந்தது.

"இது அரிச்சுப்போனது, திரும்ப வராது. வீங்கின உடனே வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம். மீதியைக் காப்பாத்தலாம். இந்த மாத்திரை வாரத்துல ஒரே ஒரு நாள்தான். வலிக்குதேன்னு தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. அப்பப்ப ரத்தம் பார்க்கணும். விரலுக்குப் பயிற்சி சொல்லித் தருவாங்க. வலி மாத்திரை வலியை மறைக்கும், அரிக்கிறதை நிறுத்தாது."

"எதனால வந்துச்சு?"

"இதுதான்னு ஒண்ணைச் சொல்ல முடியாது. சிகரெட் தூண்டிவிடும்." அண்ணி அந்தக் கணமே அவர் சட்டைப் பையைக் காலி செய்தார். "குடும்பத்துலயும் வரலாம். வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"இல்ல. எங்க வீட்ல கண்ணாடி தொடுறவன் நான் மட்டும்தான்."

"உங்க அக்கா?" என்றார் அண்ணி.

"அக்காவுக்கு அது சோப்பு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அக்கா ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். விரல் வீங்கியபோது, சோப்புத் தூள் விரலைத் தின்றுவிட்டது என்றார்கள். அக்கா வேலையை விட்டார்.

மருந்து எடுத்த பிறகு கோடு அண்ணனுக்கு வீக்கம் வடிந்தது. வளைந்த இரண்டு விரல்கள் போக மற்றவற்றில் பிடி வந்தது. இப்போதும் என் எதிர்முனையில் அவர்தான். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தார். விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இத்தனை நாள் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். 

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, எக்ஸ்ரே, வார மாத்திரை, நாளைக்கே அக்காவைக் கூட்டிப்போவது. அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சோப்பு இல்லையா?"

"இல்லக்கா."

"வேலையை விட்டா சரியாயிடும்னு நீதானடா சொன்ன?"

அண்ணன் தலை குனிந்தார்.

"நானும் விட்டுட்டுத்தான், எப்ப சரியாகும்னு உட்கார்ந்திருக்கேன்."