வெள்ளிக்கிழமை டீச்சர்

ஆறாம் வகுப்புக்கு மறைக்கல்வி எடுக்கும் டீச்சருக்குப் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பெயர்தான்: வெள்ளிக்கிழமை டீச்சர். எல்லாம் அவர் போட்ட சட்டத்தால் வந்தது. திங்கட்கிழமை காலையில் யாரும் எழுந்து எதற்காகவும் ஜெபிக்கலாம். ஆனால் எதற்காக ஜெபித்தார்களோ, அதற்காக வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது செய்தும் ஆக வேண்டும்.

"வாயை மட்டும் கடவுள்கிட்ட அனுப்பிட்டு, கையைப் பாக்கெட்ல வெச்சுக்கக் கூடாது" என்பார்.

இதனால் பிள்ளைகள் ஜெபத்தில் படு சிக்கனமாகிவிட்டார்கள். உலக சமாதானம் கேட்ட ஒருவன், மாதக்கணக்கில் காய் விட்டிருந்த பெஞ்சுக்காரனோடு எல்லார் முன்னாலும் பழம் விட வேண்டி வந்தது. அன்றிலிருந்து உலக சமாதானத்தை யாரும் தொடுவதில்லை. நொண்டிப் பூனைக்காக ஒருத்தி ஜெபித்ததில், அந்தப் பூனை இப்போது ஆசிரியர் அறை மேஜைக்கடியில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை எழுந்தவள் கீச்சு. குரல் அப்படி என்பதால் அந்தப் பெயர். அவள் அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறை வண்டி ஓட்டுகிறார்.

"எங்கப்பா வண்டியில யாருமே கூட வராம போறவங்களுக்காக" என்றாள்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. கேட்டு வர ஆளில்லாதவர்களை அவள் அப்பாதான் இடுகாட்டுக்குக் கொண்டுபோவாராம். குழி மூடும்போது அவரும் குழி வெட்டுகிறவரும் மட்டும். "அப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாதாம். சும்மா நின்னுட்டு வந்துடுவாராம்."

"நல்ல ஜெபம்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டு டீச்சர் அவசரமாகப் பாடத்தைத் திறந்தார். கடைசி பெஞ்சிலிருந்து வக்கீல் எழுந்தான். வாயாடி என்பதால் அவன் வக்கீல்.

"டீச்சர், வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்யணும்?"

அன்று மாலை டீச்சர் இதை வீட்டில் சொன்னபோது, குழாய் ரிப்பேர் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். "ஊரையெல்லாம் பிடிச்ச உன் சட்டம் கடைசியில உன்னையே பிடிச்சிடுச்சு பாரு."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனால் வேலைக்கே உலை. வேறு ஏதாவது செய்யலாம் என்று மழுப்பினாலோ, இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் வெறும் வாய் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அதைவிடப் பயம் வேறு எதிலும் இல்லை அவருக்கு.

மறுநாள் தலைமையாசிரியை சிஸ்டரின் அறைக்குப் போனார். கூடவே கீச்சுவும் வக்கீலும் ஒட்டிக்கொண்டார்கள்.

"இடுகாட்டுக்கா? பெத்தவங்க வந்து என் தலையை உருட்டிடுவாங்க டீச்சர். அங்க போய்ப் பிள்ளைங்க அழுதா யார் பொறுப்பு?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் முந்திக்கொண்டான். "அழத்தானே சிஸ்டர் போறோம்? அங்க அழ ஆளில்லைன்னுதானே போறோம்?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போடாமலே கையில் வைத்துக்கொண்டார். டீச்சருக்கோ, தான் கற்றுக்கொடுத்தது இது இல்லை, இதைவிடச் சின்னது என்று மட்டும் பட்டது.

"வீட்ல சரின்னு சொன்ன பிள்ளைங்க மட்டும்" என்றார் சிஸ்டர். "நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை பாதி வகுப்பு வந்தது. வேண்டாம் என்று தடுக்க வந்த இரண்டு அம்மாக்களும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இடுகாட்டில் கீச்சுவின் அப்பா, அந்த வண்டிக்காரர், யாருமில்லாத ஒருவரைக் கொண்டுவந்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். பெட்டி இறங்கியது. டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்த பாட்டைப் பிள்ளைகள் பாடி முடித்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

"பேர் என்னப்பா?" என்று கீச்சு கேட்டாள்.

"தெரியாதும்மா."

"அப்ப எப்படிக் கூப்பிடறது?"

பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசினார்கள். தாத்தா என்றது ஒன்று. பெரியப்பா என்றது இன்னொன்று. வக்கீல் வண்டிக்காரரிடம் விசாரித்தான். "முடி வெள்ளையா, கறுப்பா அங்கிள்?"

"கறுப்புதான் தம்பி."

"அப்ப தாத்தா இல்ல. மாமா."

மாமா என்றே முடிவானது. ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். "போய்ட்டு வாங்க மாமா." "போய்ட்டு வாங்க மாமா." அந்த இடத்தில் அப்படிச் சொல்லக் கூடாது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஒருவரும் திருத்தவில்லை. சிஸ்டரும் மண் எடுத்தார்.

"டீச்சர், உங்களுக்கு என்ன முறை?"

டீச்சர் குழியைப் பார்த்தார். யாரோ ஒருவர் என்று இனி அவரால் பார்க்க முடியவில்லை. "தம்பி" என்றார்.

"அப்ப நீங்க எங்களுக்குப் பெரியம்மா" என்றான் வக்கீல், கணக்குச் சரிபார்த்தவன் போல.

மண்வெட்டியை எடுத்த குழிக்காரரை வண்டிக்காரர் கையமர்த்தினார். எத்தனையோ பேரை இங்கே இறக்கியவர், குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். மகள் மாமா என்று அழைத்தவர் தனக்கு யார் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"மச்சான்" என்றார். சற்று நின்று, இன்னொரு முறை, கூப்பிடுகிற மாதிரி, "மச்சான்!"